பூசை நாளில் ஊற்றிய ரப்பர்

கொடுமுடி
17.11.2024

அன்புத் தங்கை பிரியாவுக்கு,

அண்ணன் அருண்குமார் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். தோட்டத்தில் மஞ்சளும் நலம். துடியலூரில் நீயும் உன் இரும்புப் பொடியும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

கடிதம் வந்திருக்கிறதே என்று சிரிக்காதே. புதுக்கால் எப்படி இருக்கிறது என்று அடிக்கடி சொல்லச் சொன்னாய். போனில் சொல்லலாம் என்றால், நான் போனை எடுத்ததுமே அம்மா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறார். "ஸ்பீக்கர்ல போடு சாமி, புள்ள என்ன சொல்றாள்னு எனக்கும் கேக்கோணும்" என்கிறார். அவர் காதில் விழலாம் என்கிற சங்கதி மட்டும்தான் போனில் போகிறது. மற்றதற்கெல்லாம் இந்தத் தாள்.

கால் நன்றாக இருக்கிறது. டிராக்டர் கவிழ்ந்த நாளிலிருந்து இரண்டு கட்டைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு திரிந்தவன், இப்போது கையை வீசிக்கொண்டு நடக்கிறேன். முழங்கால் இருந்த இடத்தில் நீ வைத்த ரப்பர் துண்டு, பாதம் தரையில் பட்டதும் கெட்டியாகிறது. தூக்கினால் இளகி மடங்குகிறது. நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. முதல் நாள் நான் களத்தைச் சுற்றி வந்தபோது அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அக்கம்பக்கத்தில் ஓர் ஆள் பாக்கியில்லாமல் கூட்டி வந்து காட்டிவிட்டார். பொருட்காட்சி மாடு கூட இப்படி நடந்து காட்டியிருக்காது.

ஒரே ஒரு சின்ன விஷயம். வாய்க்கால் மேட்டிலிருந்து இறங்கும்போது முழங்கால் ஒரு நொடி யோசித்தது. அவ்வளவுதான், பிறகு பிடித்துக்கொண்டது. பழகினால் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். கேன்டீன் சாப்பாட்டை நம்பாதே.

உன் அண்ணன்,
அருண்


துடியலூர்
23.11.2024

அன்புள்ள அண்ணா,

உங்கள் கடிதம் கிடைத்தது. மாட்டுக் கதையைப் படித்துச் சிரித்தேன். அடுத்த வரியைப் படித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

முழங்கால் யோசித்தது என்றால் என்ன அண்ணா? தளர்ந்ததா? எவ்வளவு மடங்கியது? விளையாட்டாக எழுதாமல் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். நான் பயந்து சாகிறேன்.

உங்களுக்கு ஒருமுறை விளக்கிச் சொல்கிறேன். ரப்பர் இறுகுவதற்கு முன்பு பாகு போல இருக்கும். ராகி மாவை விட நைசான இரும்புப் பொடியை அதில் கலந்து அச்சில் ஊற்றுவோம். அச்சைப் பெரிய மின்காந்தத்தின் நடுவில் வைத்துச் சூடு காட்டுவோம். காந்தம் இழுக்க இழுக்க, பொடியெல்லாம் வரிசை வரிசையாக நின்றுவிடும். அந்த வரிசை கலையாமல் ரப்பர் இறுகிக்கொள்ளும். உங்கள் முழங்காலுக்குள் ஒரு சின்னக் கம்பிச் சுருள் இருக்கிறது. நீங்கள் பாதத்தை ஊன்றும்போது அதில் மின்சாரம் பாய்ந்து அது காந்தமாகிறது. உடனே வரிசையாக நிற்கும் பொடி ஒன்றையொன்று இறுக்கிப் பிடிக்கிறது. உங்கள் எடையைத் தாங்குவது அந்த வரிசைதான். வேறு ஒன்றும் இல்லை.

சமதரையில் குறை இருந்தாலும் தெரியாது. இறங்கும்போதுதான் முழுப் பாரமும் அதன் மேல் விழும். அதனால் மேட்டிலிருந்து இறங்கியபோது என்கிறீர்களே, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஊற்றுகிற எல்லாத் துண்டையும் காந்தத்தில் வைத்துச் சோதிக்க எங்களிடம் வழி இல்லை. அந்தச் சோதனைக்குத் துண்டை அறுத்தாக வேண்டும். அறுத்தால் காலுக்கு ஆகாது. ஒரே கலவையில் ஊற்றிய இன்னொரு துண்டை அறுத்துப் பார்த்துத்தான் உங்களுடையதும் நன்றாக இருக்கும் என்று முடிவு செய்தோம். அது மிக நன்றாக இருந்தது. சோதனை மேடையைப் பார்த்துக்கொள்ளும் ஜபருல்லா அண்ணன், "இதுல யானையையே நிக்க வெக்கலாமுங்க" என்றார். அந்தத் தைரியத்தில்தான் இருக்கிறேன்.

இப்போதைக்குப் படி, மேடு, வாய்க்கால் கரை எதுவும் வேண்டாம். அம்மாவிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

தங்கை,
பிரியா


கொடுமுடி
2.2.2025

அன்புத் தங்கைக்கு,

மஞ்சள் அறுவடையில் எழுத நேரமில்லாமல் போய்விட்டது, கோபித்துக்கொள்ளாதே. கால் நன்றாக இருக்கிறது. நீ கேட்ட விஷயம் பிறகு வரவில்லை. போதுமா?

இங்கே பெரிய செய்தி அம்மாவின் வேண்டுதல்தான். பங்குனி உத்திரத்துக்கு நம் ஊர்க்காரர்கள் பழனிக்குத் தீர்த்தக் காவடி கொண்டு போவார்கள் அல்லவா? இந்த வருஷம் நம் வீட்டுக் குடத்தை நான் என் காலாலேயே ஆற்றுப் படி இறங்கி, காவிரியில் முக்கி எடுத்து வந்து அவர்களிடம் கொடுக்க வேண்டுமாம். எனக்குக் கால் வந்தால் இப்படிச் செய்வதாக ஆஸ்பத்திரியிலேயே வேண்டிக்கொண்டாராம். என்னிடம் இப்போதுதான் சொல்கிறார். ஊருக்கெல்லாம் முன்பே சொல்லியாகிவிட்டது.

உன் மேலதிகாரி லட்சுமணசாமி சாருக்கும் உனக்கும் பேர் வருகிறதோ இல்லையோ, இந்தக் காலைச் செய்த பெருமை இங்கே முழுக்க அம்மாவுக்குத்தான். நேற்று வந்த விருந்தாளிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஆயுத பூசைக்கு உங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்தாரே, அந்தக் கதை. எல்லோரும் கேட்டில் பூசணிக்காய் உடைக்கப் போய்விட்டீர்களாம். அம்மா மட்டும் உள்ளே நின்றாராம். "எல்லா மிசினும் பொட்டு வெச்சு நின்னுட்டு இருக்குது, எம்புள்ளையோட மிசினு மட்டும் உர்ருன்னு ஓடிட்டிருக்குது. பாவம், மறந்துட்டாளாட்ட இருக்குதுன்னு நாந்தான் பொத்தானை நிறுத்திப்போட்டு, சந்தனம் வெச்சு, கையெடுத்துக் கும்புட்டேன். அதுக்கும் ஓய்வு வேணுமல்லோ? மணிச் சத்தம் நின்னதும் மறுக்காப் போட்டுட்டேன். அதான் காலு அத்தனை நல்லா அமைஞ்சுது" என்றார்.

பார்த்தாயா, படித்தவள் நீ, பூசையில் மிஷினை நிறுத்த மறந்திருக்கிறாய். அம்மாதான் உன் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறார்.

பொங்கல் கரும்பு இன்னும் இருக்கிறது. வந்தால் கடிக்கலாம்.

அண்ணன்,
அருண்


துடியலூர்
6.2.2025

அண்ணா,

கடிதம் கைக்கு வந்ததும் போன் செய்தேன். "சரி அம்மணி, சரி அம்மணி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். அம்மா பக்கத்தில் இருந்தார் என்று தெரிகிறது. அதனால் எழுதுகிறேன். தனியாக உட்கார்ந்து படியுங்கள்.

நான் மறக்கவில்லை அண்ணா. அன்று எல்லா மிஷினையும் நிறுத்தியிருந்தோம். அது ஒன்றை மட்டும் வேண்டுமென்றே ஓட விட்டிருந்தேன். உள்ளே அச்சு இருந்தது. அந்த அச்சில் இருந்தது உங்கள் முழங்கால்.

பூசை நாளில் ஊற்றுவது உங்களுக்கு நல்லது என்று அம்மா ஆசைப்பட்டார். நானும் ஆசைப்பட்டேன். சாரிடம் கேட்டு, காலையில் ஊற்றிக் காந்தத்தில் வைத்தேன். முந்தின நாளே இரண்டு துண்டு ஊற்றி எடுத்திருந்தோம். அறுத்துப் பார்த்தது அவற்றில் ஒன்றைத்தான். மற்றது உங்களுக்குப் போயிருக்க வேண்டியது. பூசை நாள் துண்டு என்பதற்காக இதை எடுத்து உங்கள் காலில் வைத்தேன். படித்தவள் செய்கிற வேலையா இது?

அம்மா நிறுத்தியபோது ரப்பர் இன்னும் பாகாகத்தான் இருந்திருக்கும். காந்தம் நின்றால் பொடி வரிசை குலைந்துவிடும். சூடு மட்டும் ஏறிக்கொண்டே இருந்திருக்கும், அதற்கு வேறு பொத்தான். அம்மா திரும்பப் போட்டபோது ரப்பர் பாதி இறுகியிருந்தால், பொடியால் நகர்ந்து வரிசைக்கு வந்திருக்க முடியாது. வெளியே பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. தொட்டாலும் தெரியாது. நான்தான் தொட்டுப் பார்த்தேனே.

எத்தனை நேரம் நின்றிருந்தது என்று தெரியவில்லை. ஒன்றும் ஆகாமலும் இருந்திருக்கலாம். அறுத்துப் பார்த்தால்தான் தெரியும். முந்தின நாள் ஊற்றிய மற்றத் துண்டு கரும்புக்கடைப் பகுதியில் தையல் வகுப்பு நடத்தும் பாத்திமுத்து அக்காவின் காலில் இருந்தது. அவரை வரவழைத்து நேற்று அதையும் அறுத்தோம். நன்றாக இருக்கிறது. அவருக்கு வேறு வைத்துக் கொடுத்துவிட்டோம். மீதி உங்களுடையது ஒன்றுதான்.

காலைக் கழற்றி அனுப்புங்கள். இன்றே அனுப்புங்கள். வாய்க்கால் மேட்டில் அது யோசிக்கவில்லை அண்ணா. அது தோற்றுக்கொண்டிருந்தது.

பிரியா


கொடுமுடி
20.2.2025

அன்புத் தங்கை பிரியாவுக்கு,

தென்னைக்குத் தண்ணீர் கட்டிவிட்டு மோட்டார் ரூமில் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கே யாரும் வர மாட்டார்கள்.

உன்னிடம் பொய் சொன்னேன். பிறகு வரவில்லை என்று எழுதினேன் அல்லவா? வந்தது. இதே மோட்டார் ரூம் படியில் இறங்கும்போது முழங்கால் அப்படியே உள்ளே போய்விட்டது. தென்னையைப் பிடித்துக்கொண்டதால் பிழைத்தேன். மரத்தைக் கட்டிப்பிடித்தபடி ரொம்ப நேரம் நின்றேன். டிராக்டர் கவிழ்ந்த அன்றுகூட எனக்கு இத்தனை பயம் வரவில்லை. அன்று யோசிக்க நேரமில்லை. இப்போது ஒவ்வொரு அடிக்கும் நேரம் இருக்கிறது. பாதத்தை வைக்கிறேன், பிடிக்குமா என்று காத்திருக்கிறேன், பிடித்ததும் மூச்சு விடுகிறேன். கையை வீசி நடப்பதெல்லாம் அம்மா பார்க்கும்போது மட்டும்தான்.

சொன்னால் உங்கள் கூடத்தில் இந்த வேலையையே நிறுத்திவிடுவார்கள், உன் இத்தனை வருஷ உழைப்பு போய்விடும் என்றுதான் மறைத்தேன்.

இப்போது கழற்றினால் அம்மா ஏன் என்று கேட்பார். எனக்கு அவரிடம் பொய் நிற்காது. உண்மையைச் சொன்னால், மகன் காலைத் தன் கையாலேயே கெடுத்துவிட்டோம் என்று அந்த நிமிஷமே படுத்துவிடுவார். அப்பா போனபோது சோறு தண்ணி இல்லாமல் கிடந்ததை நீயும் பார்த்தாய். அந்த அம்மாவை மறுபடி பார்க்க எனக்குத் தெம்பில்லை.

தீர்த்தம் எடுத்ததும் அனுப்பிவிடுகிறேன். படியில் கைப்பிடிக் கம்பி இருக்கிறது, அதைப் பிடித்துக்கொள்கிறேன். அது வரைக்கும் பொறு அம்மணி.

அருண்


துடியலூர்
17.3.2025

அண்ணா,

நேற்று நான் எதற்கு வந்தேன் என்று உங்களுக்குத் தெரியும். அம்மாவிடம் சொல்லிவிடத்தான் வந்தேன். பஸ்ஸில் வார்த்தை வார்த்தையாகப் பாடம் செய்துகொண்டு வந்தேன்.

நீங்கள் என் முன்னால் வாசலுக்கும் களத்துக்கும் கை வீசி நடந்து காட்டினீர்கள். எனக்கு உங்கள் முகம் தெரியவில்லை, முழங்கால் மட்டும்தான் தெரிந்தது. அம்மா என் இரண்டு கையையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "இந்தக் கை நல்லா இருக்கோணும் கண்ணு" என்றார். அம்மா போட்ட அரிசியும்பருப்புச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, பாடம் செய்ததைச் சொல்லாமலே பஸ் ஏறிவிட்டேன். என்னை நினைத்தால் எனக்கே ஆத்திரமாக வருகிறது.

சாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உங்களைக் காலைக் கழற்றச் சொல்லி அவரும் போன் செய்திருக்கிறார். அவரிடமும் "சரிங்க சார்" என்றிருக்கிறீர்கள். உங்கள் "சரி"யை இனி நான் நம்புவதாக இல்லை.

புதுத் துண்டு தயாராக இருக்கிறது. காந்தம் நிற்காமல், பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து ஊற்றினேன். அழைத்தால் நானே கொண்டு வந்து மாற்றிவிடுகிறேன். ஆனால் அம்மா பார்க்காமல் மாற்ற வேண்டும் என்கிறீர்கள். காலைக் கழற்றினால் பக்கத்திலேயே நின்று துடைத்துக் கொடுப்பவர் அவர். எப்படி முடியும்?

நிறைந்த குடத்தோடு அந்தப் பாசிப் படியில் ஏறாதீர்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். சொல்லிவிடுவோம் அண்ணா. அம்மா அழட்டும். அழுதால் தேற்றலாம்.

பிரியா


ஈரோடு
12.4.2025

பிரியாவுக்கு,

நீ ஆஸ்பத்திரிக்கு வந்து போனபோது அம்மா கண் மூடாமல் நம் இருவரையும் பார்த்துக்கொண்டே இருந்தார். பேச முடியவில்லை. அதனால் இப்போது வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன வாரம் ஆற்றுப் படியில் இறங்கும்போது ஒன்றும் ஆகவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். குடத்தை முக்கினேன். மேளம் அடித்தார்கள், அரோகரா போட்டார்கள். குடத்தைத் தோளில் வைத்து ஏறத் தொடங்கினேன். காவடிக்காரர்கள் இறங்கி வந்ததால் கம்பியை விட்டு ஓரடி ஒதுங்கினேன். அந்த ஓரடிதான். முழங்கால் இருக்கிற இடமே தெரியவில்லை.

எனக்கு ஒரு படி கீழே அம்மா இருந்தார். ஆரம்பத்திலிருந்தே எனக்குக் கீழேயே வந்துகொண்டிருந்தார். முன்னால் போங்கம்மா என்றதற்கு, "நீ போ சாமி, நான் பின்னால வாரேன்" என்றார். நான் விழுந்தது அவர் மேல்தான். கையை விரித்துக்கொண்டு நின்றார், பிரியா. விழுவேன் என்று தெரிந்த மாதிரி நின்றார்.

தெரிந்தேதான் இருந்திருக்கிறது. இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிந்ததும் என்னிடம் சொன்னார்: "மோட்டார் ரூமுகிட்ட நீ தென்னையக் கட்டிப்புடிச்சுட்டு நின்னத அன்னைக்கே பாத்தனுங் கண்ணு. நீ மறைச்சே, நானும் மறைச்சேன். தீர்த்தம் எடுத்தா சாமி சரி பண்ணிப்போடும்னு நம்புனேன்."

அதோடு நிறுத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "எல்லாம் என்னோட குத்தம். பூசையன்னைக்கு அந்த மிசினுக்கு முழுசா ஓய்வு குடுத்திருக்கோணும். மணிச் சத்தம் நின்னதும் அவசரப்பட்டுத் திரும்பப் போட்டுட்டேன். வர்ற பூசைக்கு நான் வந்து பொழுதுக்கும் நிறுத்தி வெக்கறேன். அப்ப உனக்குச் சரியாயிரும்."

இல்லைங்கம்மா என்று ஆரம்பித்து, எங்கே போய் முடிப்பது? ஒவ்வொரு நாளும் இதையே சொல்கிறார். நீதான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

கழற்றிய காலை இந்தப் பார்சலில் அனுப்புகிறேன். அறுத்துப் பார். புதுத் துண்டு வேண்டாம். உன் மேல் எனக்குக் கோபமில்லை, சத்தியமாக இல்லை. பயம்தான். பழைய கட்டைகளை மறுபடி கையில் எடுத்துவிட்டேன். இப்போது நம் வீட்டில் நடக்க முடியாதவர்கள் இரண்டு பேர். யார் யாருக்குத் தண்ணீர் மொண்டு கொடுப்பது என்று சண்டை போட்டுக்கொள்வோம்.

அண்ணன்,
அருண்


துடியலூர்
19.4.2025

அன்புள்ள அண்ணா,

அறுத்தேன். கத்தியைக் கையில் எடுத்த பிறகும் வெட்ட மனம் வரவில்லை. ஜபருல்லா அண்ணன், "நான் அறுக்கட்டுங்களா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு நானே அறுத்தேன். பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். வரிசை இல்லை. பொடி திட்டுத் திட்டாகக் கிடக்கிறது. காந்தத்தில் வைத்தபோது கொஞ்சம் கெட்டியானது, ஓர் ஆளைத் தாங்குகிற அளவுக்கு இல்லை. நான் பயந்தது சரிதான். இதை உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: பிரியா அறுத்துப் பார்த்தாள், மிஷின் மேல் ஒரு குறையும் இல்லை, ஓய்வு கொடுத்ததிலும் குறை இல்லை, அவள்தான் பொடியை அளவு தப்பிப் போட்டிருக்கிறாள், கவனமில்லாத கழுதை என்று சொல்லுங்கள். உங்களுக்குப் பொய் நிற்காது என்று தெரியும். இது பாதிதான் பொய். அந்த நாளில் ஊற்றியதும், அந்தத் துண்டை எடுத்ததும் நான்தானே? முகத்தைத் திருப்பிக்கொண்டு சொல்லிவிடுங்கள், நம்பிவிடுவார்.

சாருக்கு உண்மை தெரியும். வேலையை நிறுத்தவில்லை. இனி ஒவ்வொரு துண்டோடும் அதே அச்சில் ஒரு வால் சேர்த்து ஊற்றி, அந்த வாலை அறுத்துச் சோதிக்கப் போகிறோம். இதை ஏன் முதலிலேயே செய்யவில்லை என்று என்னைக் கேட்காதீர்கள். நானே கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

உங்கள் புதுத் துண்டைப் பெட்டியில் வைத்திருக்கிறேன். வேண்டாம் என்றால் வேண்டாம். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. யாராவது எங்கள் கூடத்துப் படியில் இறங்கினால் கூட அவர்கள் முழங்காலைத்தான் பார்க்கிறேன்.

அம்மா எழுந்து நடக்கும்போது ஆயுத பூசைக்கு அழைத்து வாருங்கள். அன்று எதையும் ஊற்ற மாட்டோம். அவர் வருவதற்கு முன்பே மிஷினை நானே நிறுத்தி வைத்திருப்பேன். ஆசை தீரப் பொட்டு வைக்கட்டும்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம் அண்ணா. அம்மாவிடம் சொல்லிவிட்டு எனக்குப் போன் செய்யுங்கள். ஸ்பீக்கரில் போடுங்கள். அம்மா என்னைத் திட்டுவது எனக்குக் கேட்க வேண்டும்.

உங்கள் தங்கை,
பிரியா